ரிப்போர்ட் நோர்மல், உடம்பு நோர்மல் இல்லை

எங்கள் பகுதிப் பெண்கள் டொக்டரிடம் போகும்போது கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பழைய கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டுத் தரிசிப்புக்கு நான் போனாலும் தேநீருக்கு முன்னர் அந்தப் பைதான் வரும். “மிஸ், இதை ஒருக்காப் பாருங்க. எல்லாம் நோர்மல் எண்டுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு ஏலாது.”

எமது பேச்சிலே ‘ஏலாது’ என்பது பெரிய சொல். கைகால் அலுப்பு, தலைச்சுற்று, பசியின்மை, குளிர், எதிலும் விருப்பமின்மை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அதைச் சொல்கிறவர் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண் என்றால் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. “யோசனை கூடிப்போச்சு”, “எல்லாம் மனசுதான்.” வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள், அயலிலும் அதைத்தான் சொல்கிறார்கள், நிறுவனங்களிலிருந்து வாகனத்தில் வந்து இறங்குபவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மனக்காயம் உண்மை. அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மனக்காயம் என்ற அந்தப் பெரிய போர்வைக்குக் கீழே ஒரு கடலை விதை அளவான சுரப்பி செத்துக் கிடப்பதும் உண்டு. உடலில் ஓமோன் குறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எந்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல, சமூகவியல் படித்தவள். பள்ளிவாசல்துறையிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் அயல் கிராமங்களிலும் சமூக சேவையாளராக வேலை செய்கிறேன். பெண்களோடு கிளினிக் வரிசைகளில் காத்திருந்ததிலும், டொக்டர்களிடம் கேட்டதிலும், வாசித்ததிலும் அறிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ டொக்டரின் வேலை.

ஓமோன் என்பது சுரப்பிகள் இரத்தத்தில் கலந்துவிடும் ஒரு வகைச் செய்தி. கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி தைரொக்சின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. உடம்பின் சூடு, சுறுசுறுப்பு, மலம் போவது, மாதவிடாய், தோலின் ஈரம், ஞாபகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோலைச் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளில் இரத்த அழுத்தம் விழாமல் எம்மைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். இவற்றுக்கெல்லாம் மேலே, மூளையின் அடிப்பகுதியில், கபச்சுரப்பி இருக்கிறது. அது மற்றச் சுரப்பிகளுக்கு உத்தரவு கொடுக்கிறது.

இதை வெங்காயத் தோட்டத்தை வைத்துச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. கபச்சுரப்பி கங்காணி. தைரொயிட் வேலையாள். வேலையாள் சோர்ந்துபோனால் கங்காணி சத்தம் போடுவார். வேலை குறையக் குறையச் சத்தம் கூடும். அந்தச் சத்தத்துக்குத்தான் டி.எஸ்.எச். என்று பெயர். ஓமோன் குறைபாட்டைத் தேட எங்கும் முதலில் எழுதிக் கொடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை இதுதான். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை நோர்மல் என்று போட்டிருப்பார்கள். தைரொயிட் கொஞ்சம் பழுதானாலே டி.எஸ்.எச். பல மடங்காக ஏறிவிடும். தைரொக்சினின் அளவு இன்னும் நோர்மல் எல்லைக்குள் இருக்கும்போதே இது காட்டிக் கொடுத்துவிடும். அதனால் நல்ல பரிசோதனை, மலிவான பரிசோதனை. தைரொயிட் பழுதாகும் பெண்களில் மிகப் பெரும்பாலானோரை இது பிடித்துவிடுகிறது.

ஆனால் பழுதானது கங்காணியாக இருந்தால்? வேலையாள் உத்தரவில்லாமல் சும்மா நிற்கிறார், தோட்டம் காய்கிறது, கங்காணிக்கோ குரல் போய்விட்டது. நாம் சத்தத்தை மட்டும் அளந்துவிட்டு, “சத்தமே இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது” என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறையியல் பாடத்தில் ஒரு விடயம் படித்தோம். ஓர் அளவுகோல் ஒவ்வொரு தடவையும் ஒரே விடையைத் தரலாம். அதனால் அது சரியானதை அளக்கிறது என்று ஆகிவிடாது. முகாம்களில் நிரப்பிய படிவங்களில் ‘குடும்பத் தலைவரின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கணவன் காணாமல் போன பெண், அப்பம் சுட்டு விற்று ஐந்து பேருக்குச் சோறு போடும் பெண், ‘தொழில் இல்லை’ என்றே ஒவ்வொரு முறையும் பதியப்பட்டாள். படிவம் பொய் சொல்லவில்லை. அவளைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி ஒரு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். நான் அப்போது உம்மாவின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை. இந்த மாமி நிறைமாதக் கர்ப்பிணி. கரையிறங்கிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில், தென்னந்தோட்டத்துக்குள் கட்டிய ஓலைக் கொட்டிலில், அவருக்குப் பிள்ளை பிறந்தது. முகாமில் இருந்த ஒரு மூத்தம்மாதான் பிள்ளையை எடுத்தார். இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து மணலுக்குள் இறங்கியது என்று மாமி சொல்வார். மயங்கி, மறுநாள்தான் கண் திறந்தார். பிள்ளை உயிரோடிருந்தது, அவருக்குப் பால் சுரக்கவில்லை. பக்கத்துக் கொட்டிலில் கைக்குழந்தையோடு இருந்த பெண் இந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்தார்.

அதன் பிறகு மாமிக்கு மாதவிடாய் வரவில்லை. அடுத்த பிள்ளையும் இல்லை. அக்குள் முடி உதிர்ந்து பிறகு வளரவேயில்லை. முகம் வெளிறி ஊதிப்போனது. மார்கழிக் காற்றில் எல்லோரும் ஒரு போர்வையோடு படுத்தால் அவருக்கு மூன்று வேண்டும். எழும்பி நின்றால் தலை சுற்றும். முகாமில் இருந்த காலத்தில் அதற்குப் பெயர் ‘ரத்தம் காணாது’. பிறகு ‘மனக் கவலை’. ஐம்பது வயது தாண்டியதும் ‘வயசு’. கடைசி ஐந்தாறு வருடங்களுக்குள் வெவ்வேறு தனியார் ஆய்வுகூடங்களில் மூன்று தடவை டி.எஸ்.எச். பார்த்திருக்கிறார். மூன்று தாளிலும் இலக்கம் நோர்மல் எல்லைக்குள்தான். இரும்புச்சத்துக் குளிசையும் விற்றமினும் மூட்டை மூட்டையாக விழுங்கியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன்னர் சாதாரணக் காய்ச்சலோடு வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து, நினைவு தடுமாறிய நிலையில் அவரை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, மிகவும் குறைந்திருந்தது. வார்ட்டில் இருந்த டொக்டர் ஓர் இளம் பெண். அவர் தாள்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “கடைசிப் பிள்ளை பிறக்கும்போது அம்மாவுக்கு ரத்தம் கூடப் போனதா? பிள்ளைக்குப் பால் கொடுத்தாங்களா?”

மாமியால் பேச முடியவில்லை. மகனுக்குத் தெரியாது, அவர்தான் அந்தப் பிள்ளை. கிளினிக் கார்ட் கிடையாது. அது மன்னாரில் வீட்டோடு போனது. பதில் சொன்னவர் பார்க்க வந்து கட்டில் ஓரமாக நின்ற பக்கத்து வீட்டு மாமி. “இல்ல டொக்டர், இவவுக்குப் பால் வரல்ல. நான்தான் குடுத்த. அதாலதான் என்ட மகளை இவருக்குக் கலியாணம் பேச வந்த நேரம் கூடாது எண்டு நிப்பாட்டின. ரெண்டும் பால்குடிச் சகோதரங்கள்.”

ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் சகோதரர்கள். அவர்களுக்கிடையே திருமணம் ஆகாது என்பது எமது மார்க்கச் சட்டம். அதனால் யார் யாருக்குப் பால் கொடுத்தார் என்பதை ஊர் மறப்பதில்லை. முப்பது வருடங்களாக எந்தக் கொப்பியிலும் எழுதப்படாத ஒரு மருத்துவக் குறிப்பு, ஒரு கலியாணத் தடையாக ஊரின் ஞாபகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது.

டொக்டர் சந்தேகப்பட்டது ‘ஷீஹான் நோய்’. கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று வைத்தியசாலையில் வேலை செய்த ஹரோல்ட் ஷீஹான் என்ற நோயியல் நிபுணர் 1937இல் இதை விரிவாக எழுதினார். கர்ப்ப காலத்தில் கபச்சுரப்பி பருத்துவிடுகிறது, ஆனால் அதற்கு வரும் இரத்தம் அந்தளவுக்குக் கூடுவதில்லை. பிரசவத்தில் பெருமளவு இரத்தம் போய் அழுத்தம் விழுந்தால், அந்தச் சுரப்பி இரத்தமின்றிப் பட்டுப்போகிறது. முதல் அறிகுறி பெரும்பாலும் பால் சுரக்காதது. பிறகு மாதவிடாய் நிற்கிறது. தைரொயிட்டுக்கும் அதிரீனலுக்கும் போகும் உத்தரவுகள் மெல்ல மெல்லக் குறைகின்றன. முழுதாக வெளிப்படப் பத்து, இருபது வருடங்கள்கூட எடுக்கலாம். அதற்குள் பிரசவத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இலங்கையில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான். இரத்தம் போனால் ஏற்றுவதற்கு இரத்தம் இருக்கிறது. எமது மருத்துவமாதுகளும் இலவச சுகாதார சேவையும் செய்த சாதனை அது. அதனால் இளம் டொக்டர்கள் இந்த நோயை அதிகம் காண்பதில்லை. காணாததை நினைப்பதும் குறைவு. ஆனால் நாட்டின் சராசரிக்குள் எங்கள் கொட்டில்கள் இருக்கவில்லை. காட்டுப் பாதையிலும் வள்ளத்திலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறோம். 2009இல் வன்னியில் ஷெல் அடிக்குள் பிள்ளை பெற்றவர்களும் இதை வாசிப்பார்கள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டொக்டர் சர்கரும் குழுவினரும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பெற்ற, 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 வீதத்தினருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள். எமது பக்கத்தில் இப்படி யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எனது ஆசை.

சரி, டி.எஸ்.எச். ஏமாற்றினால் வேறு எதைப் பார்ப்பது? மாமிக்கு என்னென்ன செய்தார்கள் என்று சொல்கிறேன்.

முதலில் ப்ரீ டி-4. கங்காணியின் சத்தத்தை அளக்காமல் வேலையையே போய் அளப்பது இது. தைரொக்சினில் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் இருக்கும் மிகச் சிறு பகுதிதான் வேலை செய்வது. முழுவதையும் அளந்தால், கர்ப்பிணிகளுக்கும் கருத்தடைக் குளிசை எடுப்பவர்களுக்கும் புரதம் கூடுவதால் இலக்கமும் கூடித் தெரியும். அதனால்தான் ‘ப்ரீ’ என்ற சொல் தாளில் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். மாமிக்கு அது மிகக் குறைவு. டி.எஸ்.எச். மட்டும் வழமைபோல நோர்மல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கதை தெரிந்தது. டி-4 இவ்வளவு விழுந்திருக்கும்போது டி.எஸ்.எச். நோர்மலாக இருப்பதே நோர்மல் அல்ல.

இரண்டாவது காலைக் கோர்ட்டிசோல். இது விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறி இரவில் இறங்கும் ஓமோன். ஆகவே காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். பின்னேரம் எடுத்த இரத்தத்தில் குறைவாக இருந்தால் அது குறைபாட்டையும் காட்டலாம், வெறும் பின்னேரத்தையும் காட்டலாம். பாலாவிச் சந்தியில் பஸ் மாறிப் போகிற எங்கள் பெண்களுக்கு இது இலேசான காரியமில்லை. முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நாள் பிழைத்துப்போகும். காலையில் எடுத்தது மிகவும் குறைவாக இருந்தால் குறைபாடு என்பது ஏறத்தாழ நிச்சயம்; நன்றாகக் கூடுதலாக இருந்தால் பயமில்லை. இடையில் வருபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு சினாக்தென் பரிசோதனை செய்வார்கள். 250 மைக்ரோகிராம் மருந்தை ஊசியாகப் போட்டு, அரை மணித்தியாலத்தின் பின்னும் தேவைப்பட்டால் ஒரு மணித்தியாலத்தின் பின்னும் இரத்தம் எடுத்து, அதிரீனல் எழும்புகிறதா என்று பார்ப்பது. பல வருடங்களாக உத்தரவு வராத சுரப்பி சுருங்கிப்போயிருக்கும், தட்டினாலும் எழும்பாது. ஆனால் கபச்சுரப்பி பட்டுப்போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தால் அதிரீனல் இன்னும் பலமாக இருக்கும். தட்டினால் எழும்பிவிடும், பரிசோதனை ஏமாற்றிவிடும்.

இதைவிடக் கண்டிப்பான ஒன்று இருக்கிறது. இன்சுலின் கொடுத்து வேண்டுமென்றே சீனியைக் குறைத்து, அந்த நெருக்கடிக்குக் கபச்சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. கோர்ட்டிசோலையும் வளர்ச்சி ஓமோனையும் சேர்த்துச் சோதிக்கும் முறைகளில் மிகவும் நம்பகமானதாக இதைச் சொல்வார்கள். டொக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் செய்வதில்லை. மாமிக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. காலைக் கோர்ட்டிசோல் அவ்வளவு அடியில் கிடந்தது.

மூன்றாவது பரிசோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது முதுமையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. சூலகத்துக்கு உத்தரவு கொடுக்கும் எப்.எஸ்.எச். என்ற ஓமோன், மாதவிடாய் நின்ற பெண்களில் மிகவும் கூடியிருக்க வேண்டும். சூலகம் ஓய்வெடுத்துவிட்டது என்று தெரியாமல் கங்காணி கத்திக்கொண்டே இருப்பார். அறுபது வயதை எட்டிய ஒரு பெண்ணுக்கு இது குறைவாக இருந்தால் கபச்சுரப்பியைச் சந்தேகிக்கலாம். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை. தட்டி எழுப்பும் ஊசி வேண்டாம், விடியலில் ஓடவும் வேண்டாம். மாமிக்கு அதுவும் அடியில். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கபச்சுரப்பி இருக்க வேண்டிய எலும்புக் குழி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது.

இவ்வளவு நுண்ணிய அளவுகளை இரத்தத்தில் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று நான் அந்த டொக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்: ரோசலின் யாலோ. வீட்டுக்கு வந்து வாசித்தேன். 1921இல் நியூயோர்க்கில் பிறந்த யூதப் பெண். பௌதிகவியல் படித்தவர். பெண்ணுக்கு மேற்படிப்பு இடம் கிடைக்காது என்று, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த செயலாளராகச் சேரும்படி அனுப்பப்பட்டவர். உலக யுத்தத்துக்கு ஆண்கள் போனதால் இலினோய் பல்கலைக்கழகத்தில் இடம் காலியானது. 1941இல் அங்கு நுழைந்தார். நானூறு பேர் கொண்ட பீடத்தில் அவர் ஒருவர்தான் பெண். பின்னர் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலை ஒன்றில் சொலமன் பெர்சன் என்ற டொக்டரோடு சேர்ந்து, கதிரியக்க அயடீனால் அடையாளமிட்ட இன்சுலினையும் அதைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் வைத்து, இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1950களின் இறுதியில் உருவாக்கினார். அதற்கு முன் ஓமோனை அளக்க எலிக்கும் முயலுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். தைரொயிட்டுக்கு மூச்சை அளந்தார்கள். இருவரும் அந்த முறைக்குக் காப்புரிமை கேட்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபலைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். இன்று பல ஆய்வுகூடங்களில் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளி விடும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்படை அதேதான்.

அந்த ஒளி முறைகளிலும் ஒரு பொறி உண்டு. முடி கொட்டுவதற்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் குளிசையைக் கூடுதலாக எடுப்பவர்களுக்குச் சில இயந்திரங்கள் பிழையான இலக்கத்தைத் தரும், டி.எஸ்.எச். குறைவாகவும் டி-4 கூடுதலாகவும் காட்டலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரத்தம் எடுக்க முன்னரே சொல்லிவிட்டால், சில நாட்கள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். மூட்டு வலிக்கும் மூச்சு முட்டுக்கும் எடுக்கும் பிரெட்னிசொலோனையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் அதுவே அதிரீனலைத் தூங்க வைத்துவிடும். ஆனால் அதைத் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கைத்தொலைபேசி வந்த பிறகு வேறு சில முறைகளும் ஊருக்குள் வந்துவிட்டன. காலையில் அக்குளில் தெர்மோமீட்டர் வைத்து, சூடு குறைந்தால் தைரொயிட் குறைவு என்கிறார்கள். உடம்புச் சூடு எத்தனையோ காரணங்களால் மாறும். அதை வைத்து மருந்து தொடங்குவது கூடாது. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் எல்லா ஓமோனும் சொல்வோம் என்று விளம்பரம் வருகிறது. எச்சிலில் கோர்ட்டிசோல் பார்ப்பது உண்மையில் மருத்துவத்தில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நள்ளிரவு எச்சில், கோர்ட்டிசோல் கூடிப்போன நோயைத் தேடுவதற்கு. இருபத்துநான்கு மணித்தியாலச் சிறுநீரும் அப்படித்தான்; கூடுதலைக் கண்டுபிடிக்க உதவும், குறைவைக் கண்டுபிடிக்க உதவாது. சிறுநீரில் அயடீன் பார்ப்பது இன்னொன்று. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது இலங்கையில் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் புத்தளத்து உப்பளங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். அந்த உப்பு வேலை செய்கிறதா என்று அறியப் பாடசாலைப் பிள்ளைகளின் சிறுநீரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு சமூகத்துக்கு அயடீன் போதுமா என்று அது நன்றாகச் சொல்லும். ஒரு தனிப் பெண்ணைப் பற்றி ஒரு குப்பிச் சிறுநீர் ஒன்றும் சொல்லாது. இன்று மீன் தின்றால் ஒன்று, நாளை இன்னொன்று.

பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு தாளில் இரத்தத் துளி எடுப்பதைக் கண்டு சில பாட்டிமார் சண்டை பிடிக்கிறார்கள். பிறவியிலேயே தைரொயிட் குறைந்த பிள்ளைகளைக் கண்டுபிடிக்க இலங்கையில் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. சில ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கும். உடனே தைரொக்சின் கொடுத்தால் பிள்ளையின் புத்தி வளர்ச்சி காப்பாற்றப்படும், விட்டால் இழப்பு திரும்பாது. அந்தத் துளியில் பார்ப்பதும் டி.எஸ்.எச்.தான். ஆகவே கபச்சுரப்பி பழுதான பிள்ளைகள் மிகச் சிலர் அதில் தப்பிவிடலாம். நெதர்லாந்தில் முதலில் டி-4ஐப் பார்த்து அந்தப் பிள்ளைகளையும் பிடிக்கிறார்கள். செலவும் வீண் அலைச்சலும் கூடும். நாடுகள் தெரிவு செய்துகொள்கின்றன. எப்படியோ, குதிகாலில் குத்த விடுங்கள். முடிவு வந்ததா என்றும் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. முப்பத்தைந்து வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். பிரசவத்தில் போன இரத்தத்தை அங்கும் நாமாகத்தான் சொல்ல வேண்டும். டொக்டருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. வரிசையின் நீளம் எனக்குத் தெரியும். அதனால் பெண்களுக்கு நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறேன், உள்ளே போனதும் நீட்டச் சொல்லி. எந்த வருடம், எங்கே பிள்ளை பிறந்தது, எவ்வளவு இரத்தம் போனது, மயக்கம் வந்ததா, இரத்தம் ஏற்றினார்களா, பால் வந்ததா, மாதவிடாய் திரும்பியதா. நான்கைந்து வரிதான். அதைப் பார்த்த டொக்டர்கள் ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் துண்டைக் கொப்பியோடு ஒட்டிவைத்தார்கள். துண்டோடு போன பெண்களில் பலருக்கு ஒன்றும் இல்லை. அதுவும் நல்ல செய்திதான். ஒருவருக்கு உண்மையாகவே மன அழுத்தம். அதற்கான சிகிச்சை கிடைத்து இப்போது சுகமாக இருக்கிறார்.

மாமிக்கு முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை கொடுத்தார்கள், சில நாட்களின் பின்னர்தான் தைரொக்சின். இந்த ஒழுங்கு முக்கியம். கோர்ட்டிசோல் இல்லாத உடம்புக்குத் தைரொக்சினை முதலில் கொடுத்தால் அந்த உடம்பு தாங்காமல் விழுந்துவிடலாம். டி-4 குறைவு என்று கண்டதும் கடையில் தைரொக்சின் வாங்கி விழுங்குவது அதனால்தான் ஆபத்து. இப்போது அவருடைய மருந்தின் அளவை ப்ரீ டி-4ஐ வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். யாராவது புதிதாக டி.எஸ்.எச். எழுதினால் மாமியே திருத்திவிடுகிறார்.

ஆறு மாதத்தில் முகம் வற்றி, குரல் தெளிந்து, காலையில் அப்பத்துக்கு மா கரைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். போர்வை ஒன்று போதும். நோன்புதான் அவருக்குக் கவலையாக இருந்தது. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு நீண்ட நேரம் குளிசையும் தண்ணீரும் இல்லாமல் இருப்பது ஆபத்தாகலாம் என்று டொக்டர் சொன்னார். மௌலவியிடம் கேட்டு பித்யா கொடுக்கிறார். சிறு வயதிலிருந்து விடாத நோன்பு. முதல் வருடம் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு மூலையில் இருந்து அழுததாக மருமகள் சொன்னார்.

அவருடைய அடையாள அட்டையோடு இன்னொரு அட்டை இருக்கிறது. ஸ்டீரொயிட் மருந்தில் வாழ்பவர், நிறுத்தக் கூடாது என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதியது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாடம்: காய்ச்சல் வந்தால் டொக்டர் சொன்னபடி குளிசையைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்துக் குளிசை வயிற்றில் தங்காவிட்டால் ஊசிதான், அதுவும் உடனே. விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று இருக்கக் கூடாது.